இருபதுக்கும் அறுநூறுக்கும் நடுவே கஸ்தூரி மேடம்

செய்தி வந்தபோது நான் தேர்வு அறையில் மேற்பார்வையில் இருந்தேன். கைப்பேசியை அணைத்து வைத்திருந்தேன். பன்னிரண்டரை மணிக்கு விடைத்தாள்களைக் கட்டி ஒப்படைத்த பிறகுதான், ஆசிரியர் குழுவில் முதல்வர் அனுப்பியிருந்த வரிகளைப் படித்தேன். "நம் கல்லூரி நூலகத்தில் பணிபுரிந்த திருமதி கஸ்தூரி அவர்கள் இன்று காலை மாரடைப்பால் காலமானார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவிக்கிறோம்." அதற்குக் கீழே கைகூப்பும் படங்கள் வரிசையாக.

நூலகர் கஸ்தூரியை எனக்கு நன்றாகத் தெரியும். போன வெள்ளிக்கிழமைகூடக் கேண்டீனில் பக்கத்து மேசையில் உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்டார். பதறிப்போய், வீட்டார் யாராவது எடுப்பார்கள் என்று அவருடைய எண்ணையே அழைத்தேன். அவரே எடுத்தார்.

"சார், நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றார். காலையிலிருந்து எத்தனை பேருக்கு இதைச் சொல்லியிருப்பாரோ, குரல் கம்மியிருந்தது. "எங்க லைப்ரரியில ரெண்டு கஸ்தூரி இருந்தோம் சார். மறந்துட்டீங்களா? போனது பி.டி. மேடம்."

 பி.டி. மேடம் என்று எங்கள் கல்லூரி முழுவதும் அழைத்த கஸ்தூரி மேடம், இருபத்தொரு ஆண்டுகள் எங்கள் உடற்கல்வி இயக்குநராக இருந்தவர். அதற்குப் பிறகு, கடைசி ஆறு ஆண்டுகள் நூலக வாசலில், மாணவர்கள் கையெழுத்துப் போடும் பதிவேட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அவர் அங்கே உட்கார நேர்ந்ததற்கு நானும் ஒரு காரணம். அந்த ஆறு ஆண்டுகளும் நான் நூலகத்துக்குள் போகவில்லை. புத்தகம் வேண்டுமென்றால் உதவியாளரை அனுப்பி எடுத்துவரச் சொல்வேன். அதனால்தான் "நூலகம்" என்றதும் வேறொருவர் முகம் வந்தது.

நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி முதல்வர் கேட்டிருக்கிறார். மேடத்தோடு பழகியவர்களும் படிப்பார்கள், அவரைப் பதிவேட்டுக்குப் பின்னால் மட்டுமே பார்த்த புதிய ஆசிரியர்களும் படிப்பார்கள். நான் வணிகவியல் ஆசிரியன், விளையாட்டுக் குழுவின் பொருளாளராகவும் இருந்தவன். எதையும் இரண்டு பக்கமும் எழுதிச் சமன் செய்து பழகிய எனக்கு, இவர் விஷயத்தில் மட்டும் எதுவும் எதனோடும் ஒட்டவில்லை. ஒட்டாததை ஒட்டாதபடியே எழுதுகிறேன்.

மேடமும் நானும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே இருக்கும் எங்கள் கல்லூரியில் அப்போது இரண்டே கட்டடங்கள். மற்றதெல்லாம் முள்ளும் மண்ணும். சேர்ந்த மூன்றாம் நாள் நான் மைதானத்தின் குறுக்கே வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். குள்ளமாக, விளையாட்டுக் காலணியும் சுடிதாருமாக ஒரு பெண், டப்பாவில் சுண்ணாம்புப் பொடியை வைத்துக்கொண்டு பின்னோக்கி நடந்து கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"சார், அந்த முனையில கயித்தக் கொஞ்சம் புடிங்க" என்றார். நான் யார் என்றுகூடக் கேட்கவில்லை. பிடித்தேன். சரியாகப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. கோடு நடுவில் வளைந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டேன்.

"பரவாயில்ல விடுங்க சார். பந்துக்கு அதெல்லாம் தெரியாது."

கொரட்டூர் ஏரிக்கரைப் பக்கம் அவர் வீடு. தாத்தா காலம்வரை ஏரிப் பாசனத்தில் அடுத்தவர் வயலில் நாற்று நட்ட குடும்பம். அப்பா அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் மெஷின் ஓட்டினார். எஸ்டேட்டின் காலி மனைகளில் பையன்களோடு பந்து உதைத்து வளர்ந்து, மாநில மகளிர் அணிவரை போய், உடற்கல்வி படித்து வந்தவர் மேடம். ஆசிரியர் அறையில் பதமாகப் பேசுவார். எல்லோருக்கும் "நீங்க", "வாங்க" தான். மைதானத்தில் விசிலை வாயிலிருந்து எடுத்தால் வேறு தமிழ் வரும். "இன்னாடா நின்னுகினு வேடிக்க பாக்குற, ஓடுடா!" என்று கத்துவது இரண்டாம் மாடியில் என் வகுப்புவரை கேட்கும். ஒருமுறை அதைச் சொல்லிச் சிரித்தேன். "எனக்கு ரெண்டு நாக்கு சார். ஸ்டாஃப் ரூமுக்கு இஸ்திரி போட்ட நாக்கு" என்றார்.

அவருடைய துறைக்கு எப்போதும் பணமில்லை. ஒவ்வொரு மாணவனிடமும் கல்விக் கட்டணத்தோடு விளையாட்டுக் கட்டணமும் வசூலிப்போம். ஆனால் பந்து வாங்க வேண்டும், பையன்களுக்கு முட்டை வாங்க வேண்டும், வெளியூர் போட்டிக்கு வேன் வைக்க வேண்டும் என்றால் அவர் முதலில் கைக்காசைப் போட்டுவிட்டு, ரசீதோடு ஆறு மாதம் அலைவார்.

"அந்தப் பணம் காலேஜ் கேட்டுக்குள்ள வருது சார். கிரவுண்டுக்கு மட்டும் வழி தெரியாம வேற எங்கயோ போயிடுது" என்று என்னிடம் சொன்னார்.

அது பொது நிதியில் சேருகிறது, அங்கிருந்து தேவைக்கேற்பப் பிரிக்கிறார்கள் என்று நான் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்லா சொல்லிக் குடுக்கறீங்க சார். புரியத்தான் இல்ல" என்றார்.

ஒரு கூட்டத்தில் கல்லூரிச் செயலாளர், "உங்க டிபார்ட்மென்ட்டுக்கு வேணும்னா நீங்களே சம்பாதிச்சுக்குங்க மேடம்" என்று வேடிக்கையாகச் சொன்னார். எல்லோரும் சிரித்தோம். மேடம் சிரிக்கவில்லை. அடுத்த வாரம், ஆண்டுதோறும் நாங்கள் நடத்தும் கல்லூரிகளுக்கு இடையிலான கால்பந்துப் போட்டிக்குப் பத்து ரூபாய் டிக்கெட் போட அனுமதி கேட்டுக் கடிதம் கொடுத்தார். அதுவரை அது இலவசம். இலவசமாகவே ஐம்பது பேர்தான் வருவார்கள்.

"சும்மா வர்றவன் பாதியில எழுந்து போயிடுவான் சார்" என்றார். "பத்து ரூபா குடுத்தவன் கடைசி விசில்வரைக்கும் உக்காருவான். கத்துவான். யாராவது கத்தினாத்தான் நம்ம பசங்களுக்குக் கால் ஓடும்."

டிக்கெட்டை எடுத்துக்கொண்டு அவரே எஸ்டேட் வாசல்களில் நின்றார். பேருந்து டெப்போக்களுக்குப் போனார். முதல் ஷிப்டு முடித்தவர்கள் சாப்பாட்டுக் கேரியரோடு நேராக மைதானத்துக்கு வந்தார்கள். இரண்டாம் வருடம் குடும்பத்தோடு வந்தார்கள். சவுக்குக் கம்பு கட்டிக் கேலரி போட வேண்டியதாயிற்று. அந்தக் கூச்சலில் எங்கள் அணியும் உண்மையிலேயே நன்றாக ஆட ஆரம்பித்தது. பந்தும் முட்டையும் வேனும் அந்தப் பத்து ரூபாய்களிலேயே நடந்தன. நான் ரசீதுப் புத்தகத்தைச் சரிபார்க்கும் ஒவ்வொரு வருடமும் காசு சரியாக இருந்தது. அதில் எனக்குக் குழப்பமே இருந்ததில்லை.

குழப்பம், எங்கள் அணி நகரத்தின் பெரிய கல்லூரிகளைத் தோற்கடிக்கத் தொடங்கியபோது வந்தது. கொரோனாவுக்கு முந்தைய வருடம் அது. நிர்வாகம் கம்பெனியில் வேலை பார்த்த ஒருவரை நிதி அலுவலராகக் கொண்டுவந்திருந்தது. கூட்டம் கூடும் இடத்தில் பத்து ரூபாய் வாங்குவது பைத்தியக்காரத்தனம் என்று அவர் மடிக்கணினியைத் திறந்து காட்டினார். இறுதிப் போட்டிக்குக் கேலரி நூற்றைம்பது, நாற்காலி ஐந்நூறு. பெரும்பாலான டிக்கெட்டுகள் ஆன்லைனில். விற்க விற்க விலை தானாக ஏறும். பழைய ஆட்களுக்காக ஒரு பக்கக் கேலரியை மட்டும் பத்து ரூபாய்க்கே விடும்படி மேடம் கேட்டார். கல்லூரியின் பெயருக்கு அது நல்லதில்லை என்று மறுத்துவிட்டார்கள்.

மறுநாள் ஆசிரியர் அறையில் என் மேசைக்கு வந்தார்.

"சார், காலையில கேலரி நூத்தம்பதுன்னு காட்டிச்சு. இப்ப இருநூத்தி இருபதுன்னு காட்டுது. அதே கேலரி, அதே சவுக்குக் கம்பு. இதுக்குப் பேர் பிளாக் இல்லையா?"

"இல்ல மேடம். கேக்கறவங்க அதிகமானா விலை ஏறுது. இதெல்லாம் நானே பாடத்துல நடத்துறேன்."

"அப்ப எதுதான் பிளாக்?"

"இதையே வெளியில ஒருத்தர் வாங்கி வச்சு அதிக விலைக்கு வித்தா, அது பிளாக்."

"அதாவது, காலேஜ் ஏத்தினா பாடம். ஆள் ஏத்தினா குத்தம்."

நான் பதில் சொல்லத் தொடங்கினேன்.  மேடம் சிரித்துவிட்டு எழுந்து போனார்.

ஒவ்வொரு துறைக்கும் கொஞ்சம் காகித டிக்கெட்டுகளை விற்கச் சொல்லி ஒதுக்கினார்கள். விளையாட்டுத் துறைக்கு இருநூறு. போட்டிக்கு முந்தைய நாளுக்குள் ஒன்றுக்கு நூற்றைம்பது வீதம் முப்பதாயிரம் ரூபாயைத் துறை கட்டிவிட வேண்டும் என்பது நிபந்தனை. இறுதிப் போட்டி சனிக்கிழமை. புதன்கிழமை மதியம் நிதி அலுவலர் என்னை அழைத்தார். "ஐயப்பன்தாங்கல் டெப்போ பக்கம் யாரோ பிளாக்ல விக்கிறாங்களாம் சார். உங்க வீடு பக்கத்துல காட்டுப்பாக்கம்தானே? அப்படியே போய் ஒரு பார்வை பார்த்துட்டு வாங்க."

சாயங்காலம் டெப்போவுக்கு எதிரே ஒரு டீக்கடையில் நின்றேன். டீ கைக்கு வருவதற்குள் பார்த்துவிட்டேன். துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு, துணிக்கடைக் கட்டைப்பையோடு டெப்போ வாசலில் நின்றவர் எங்கள் கஸ்தூரி மேடம். வேலை முடிந்து வந்த ஒரு கண்டக்டரை மறித்துப் பேசிக்கொண்டிருந்தார். அவர் பெயர் தேவராஜ் என்று பின்னால் தெரிந்தது.

"இன்னா அண்ணாத்தே, சனிக்கெழம பைனலு. வர்றியா இல்லியா?"

"நூத்தம்பது ரூபான்றாங்கோ. பத்து ரூபா இருந்தப்போ ஊட்டோட வந்தோம். இப்ப எங்க வர்றது?"

"உன்னாண்ட நூத்தம்பது கேட்டனா? இருபது குடு. எத்தினி பேரு?"

"நாலு."

நான்கு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். எண்பது ரூபாய் வாங்கிக்கொண்டார். பின்னாலேயே இன்னும் சில காக்கிச் சட்டைகள் வந்து வாங்கின. அப்போது ஒரு வெள்ளைக் கார் ஓரமாக நின்றது. உள்ளிருந்தவர் கண்ணாடியை இறக்கி டிக்கெட் இருக்கிறதா என்று கேட்டார். மேடம் காரை முன்னிலிருந்து பின்வரை ஒருதரம் பார்த்தார்.

"அறுநூறு."

"ஆன்லைன்ல நானூத்தி எம்பதுதானே போட்டிருந்தான்?"

"அப்ப அங்கயே வாங்கிக்கோ நைனா."

"அங்க தீந்து போச்சும்மா."

"அதான் அறுநூறு."

அவர் இரண்டு வாங்கிக்கொண்டு போனார். மேடத்தின் முகத்தில் கூச்சமோ பயமோ இல்லை. மைதானத்தில் கோடு போடும்போது எப்படி இருந்தாரோ அப்படியே இருந்தார். நூற்றைம்பது ரூபாய் டிக்கெட்டை ஒருவர் எதற்காக இருபதுக்கும் விற்பார், அடுத்த நிமிடம் அறுநூறுக்கும் விற்பார்? நஷ்டத்துக்கு விற்பது தர்மம். லாபத்துக்கு விற்பது பிளாக். இரண்டையும் ஒரே கை செய்தால் அதற்கு என்ன பெயர்? டீயைப் பாதியில் வைத்துவிட்டு, அவர் கண்ணில் படாமல் சுற்றுவழியாக வீட்டுக்கு நடந்தேன்.

இறுதிப் போட்டியில் தோற்றோம். ஆனாலும் அப்படியொரு கூட்டத்தை அந்த மைதானம் பார்த்ததில்லை. கேலரியின் ஒரு மூலை முழுவதும் டெப்போக்காரர்கள் பெண்டு பிள்ளைகளோடு உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்தினார்கள்.

திங்கட்கிழமை செயலாளர் அறையில் விசாரணை. செயலாளர், முதல்வர், நிதி அலுவலர், நான். எதிரே மேடம். முப்பதாயிரத்தை அவர் வெள்ளிக்கிழமையே கட்டிவிட்டார். ரசீது மேசைமேல் இருந்தது.

"டெப்போவுல வித்தது யாருன்னு பார்த்தீங்களா சார்?" என்று நிதி அலுவலர் என்னைக் கேட்டார்.

"பார்த்தேன். கஸ்தூரி மேடம்."

"எவ்வளவுக்கு வித்தாங்க?"

"அறுநூறுக்கு."

அவர் கால்குலேட்டரைத் தட்டினார். இருநூறு டிக்கெட், அறுநூறு வீதம், ஒரு லட்சத்து இருபதாயிரம். கட்டியது முப்பதாயிரம். "தொண்ணூறாயிரம் எங்க மேடம்?"

மேடம் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். எதற்கோ காத்திருப்பதுபோலப் பார்த்தார். நான் மேசைமேல் இருந்த ரசீதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருபதுக்கு விற்றதை ஏன் சொல்லவில்லை என்று இத்தனை வருடமாக என்னையே கேட்டுக்கொள்கிறேன். யாரும் கேட்கவில்லை என்பது ஒரு பதில். சொன்னால் "ஏன் இருபதுக்கு வித்தாங்க?" என்று அடுத்த கேள்வி வரும், அதற்கு என்னிடம் விடையில்லை என்பது இன்னொரு பதில். செயலாளர் முன்னால் தெளிவில்லாதவனாகத் தெரிய எனக்குப் பயம் என்பதுதான் மூன்றாவது. எது உண்மை என்று இன்றும் தெரியவில்லை. நான் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் அந்தத் தொண்ணூறாயிரம் என் வாயிலிருந்து பிறந்தது.

மேடம் செயலாளர் பக்கம் திரும்பிச் சொன்னார்: "நான் வித்தது நிஜம். வேற எதுவும் சொல்றதுக்கில்ல."

அந்த மாதமே அவரை நூலகத்துக்கு மாற்றினார்கள். நீண்ட நாள் பணிபுரிந்தவர் என்பதால் வேலையை விட்டு அனுப்பவில்லை என்று ஆணையில் எழுதியிருந்தது. அடுத்த வருடம் கொரோனா வந்தது. போட்டி நின்றது. பிறகு யாரும் அதைத் திரும்ப நடத்தவில்லை. நிதி அலுவலரும் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார்.

மாற்றல் ஆணை வந்த அன்று மாலை, கல்லூரிக்கு வெளியே பேருந்து நிறுத்தத்தில் அவர் தனியாக நின்றிருந்தார். பக்கத்தில் போனேன்.

"மேடம், எத்தனை டிக்கெட் இருபதுக்குக் குடுத்தீங்க, எத்தனை அறுநூறுக்குன்னு மட்டும் சொல்லுங்க. நான் கணக்கு எழுதிக் குடுத்துடறேன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"இன்னா சார்..." என்றார். "நீயே கேக்கிறியே."

பேருந்து வந்தது. ஏறிப் போய்விட்டார். பழகிய இருபத்தொரு வருடத்தில் அவர் என்னை "நீ" என்றது அந்த ஒருமுறைதான். அது கோபத்தில் வந்த "நீ"யா, நெருங்கியவன் என்று நினைத்ததால் வந்த "நீ"யா என்று அன்று முழுவதும் யோசித்தேன். வீட்டில் காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். நாற்பத்தைந்து டிக்கெட் அறுநூறுக்கும், மீதி நூற்றைம்பத்தைந்து இருபதுக்கும் போயிருந்தால் கிடைப்பது முப்பதாயிரத்து நூறு. கட்ட வேண்டியது போக நூறு ரூபாய்தான் மிச்சம். கார்க்காரர்கள் தலையில் ஏற்றி டெப்போக்காரர்களுக்கு இறக்கியிருக்கிறார் என்றாகிறது. ஆனால் அறுபது டிக்கெட் அறுநூறுக்குப் போயிருந்தால் எண்ணாயிரத்துக்குமேல் மிஞ்சும். எத்தனை என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். காகிதத்தை மடித்து வைத்தேன். யாரிடமும் காட்டவில்லை.

செய்தி வந்த மறுநாள் காலை கொரட்டூரில் அவர் வீட்டுக்குப் போனேன். தெருமுனைவரை பந்தல். பழைய ஆட்டக்காரர்கள் முப்பது நாற்பது பேர் வந்திருந்தார்கள். சிலருக்குத் தொப்பை விழுந்திருந்தது. ஐயப்பன்தாங்கலிலிருந்து தேவராஜ் சக ஊழியர்களோடு வந்திருந்தார். நான் கல்லூரி ஆள் என்று தெரிந்ததும் அவராகவே வந்து பேசினார்.

"டெப்போ முச்சூடும் இருபது ரூபாதான் சார் வாங்கிச்சு. இன்னாமா, உனுக்கு இந்த வெல கட்டுமான்னு கேட்டேன். 'கட்டாது. கார்ல வர்றவன் கட்டுவான்'ன்னுச்சு."

எனக்கு நிம்மதியாக இருந்தது. நூறு ரூபாய்க் கணக்குதான் சரி என்று நினைத்துக்கொண்டேன். அப்போது எங்கள் பழைய கோல்கீப்பர் பாலாஜி வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். இப்போது பார்சல் கம்பெனி ஒன்றில் வேலை செய்கிறான். "என் முட்டி ஆபரேசனுக்கு மேடம்தான் சார் எட்டாயிரம் குடுத்தாங்க."

"எப்போ?"

"அந்த பைனல் வருசம்தான். மின்னாடியா பின்னாடியா, ஞாபகம் இல்ல சார்."

அப்படியானால் அறுபது டிக்கெட்டா? அந்தப் பணம் அங்கே போயிற்றா? உள்ளே போய் மேடத்தின் கணவர் சேகர் அருகில் உட்கார்ந்தேன். எலக்ட்ரீஷியன். அதிகம் பேசாதவர். அந்த அறையின் மூலையில் இருந்த ஃப்ரிட்ஜை நான் பார்த்ததைக் கவனித்திருக்க வேண்டும்.

"அந்த வருசம்தான் சார் அத்த வாங்கினா" என்றார். "துட்டு ஏதுன்னு கேட்டேன். சீட்டு எடுத்தேன்னா. சீட்டா, வேற இன்னாவோ, எனுக்குத் தெரியாது. நான் தோண்டிக் கேக்கல."

பாலாஜியின் முட்டி, டெப்போவின் இருபது ரூபாய், மூலையில் ஃப்ரிட்ஜ். மூன்றும் ஒரே பணமா, வேறு வேறு பணமா? அந்த வீட்டில், அந்த நேரத்தில், நான் மனத்துக்குள் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. அதை நிறுத்துவதற்காகவே வாயைத் திறந்தேன்.

"சேகர், அன்னிக்கு டெப்போவுல மேடம் இருபதுக்கு வித்ததையும் நான் பார்த்தேன். விசாரணையில அதச் சொல்லல."

"தெரியும் சார்."

எனக்குப் புரியவில்லை.

"டீக்கடையாண்ட நீங்க நின்னுகினு இருந்தத அவ பாத்துட்டா. அன்னிக்கு ஊட்டுக்கு வந்து சந்தோசமா சொன்னா. 'பரந்தாமன் சார் பாத்தாரு. ரெண்டையும் பாத்தாரு. நாளைக்கு எவனாவது கேட்டா நான் சொன்னா நம்ப மாட்டானுங்கோ. அவரு சொன்னா நம்புவாங்கோ'ன்னா."

வெளியே மேளம் தொடங்கியது. அவர் குரலை உயர்த்த வேண்டியிருந்தது.

"விசாரணை அன்னிக்கு வந்து, சோறு துன்னாம படுத்துகினா. இன்னா ஆச்சுன்னு கேட்டேன். 'சார் கொழம்பிப் பூட்டாரு'ன்னா. அவ்ளோதான் சார். அதுக்கப்பறம் உங்களப் பத்தி ஒரு வார்த்த தப்பாப் பேசல."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மன்னிப்பு என்ற சொல்லை அவர் காதில் விழும்படி சொன்னேனா, மேளச் சத்தத்தில் கரைந்துவிட்டதா, தெரியவில்லை. அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

நேற்றுச் செயலாளரிடம் ஒரு கடிதம் கொடுத்தேன். தொண்ணூறாயிரம் என்ற தொகை என் அரைகுறைச் சாட்சியால் வந்தது, அன்று நான் பார்த்தது இருபது ரூபாய் விற்பனையும்தான் என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன். அவர் இரண்டு முறை படித்தார். "இப்ப இத வச்சு என்ன சார் பண்றது? அந்த ஃபைல் எங்க இருக்குன்னே தெரியலையே" என்றார். ஃபைல் கிடைக்காவிட்டால் இந்த நினைவு மலரிலாவது இருக்கட்டும். டிக்கெட் விற்றதில் நல்ல பணம் எவ்வளவு, மற்றது எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்தது இரண்டு. இரண்டையும் எழுதிவிட்டேன்.

முடிப்பதற்கு முன் அன்றைய ஊர்வலத்தைச் சொல்ல வேண்டும். பதினொரு மணிக்கு மேடத்தைப் பூவண்டியில் ஏற்றினார்கள். முதல்வரும் செயலாளரும் மாலை வைத்துவிட்டு ஓரமாக நின்றார்கள். ஆசிரியர்கள் அவர்களுக்குப் பின்னால். வண்டிக்கு முன்னால் மேளம் வேகம் பிடித்தது. பழைய ஆட்டக்காரர்கள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கி ஆடினார்கள். தேவராஜ் ஆடினார். பாலாஜி அந்த முட்டியை வைத்துக்கொண்டு குதித்தான். நான் வெள்ளைச் சட்டையில், கைகளைக் கட்டிக்கொண்டு, துக்க வீட்டில் ஒரு பேராசிரியர் எப்படி நிற்பாரோ அப்படி நின்றேன். பாலாஜி வந்து என் மணிக்கட்டைப் பிடித்தான்.

"வா சார்."

எனக்கு ஆடத் தெரியாது. ஐம்பத்தெட்டு வயதில் ஒரு கல்யாணத்தில்கூட ஆடியதில்லை. தாளம் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று பிடிபடவில்லை. பக்கத்தில் இருப்பவன் வலது காலை எடுக்கும்போது நான் இடது காலை எடுத்தேன். யாரையோ மிதித்தேன். மூக்குக் கண்ணாடி நழுவி விழுந்தது. யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். செயலாளர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது தெரிந்தது. கொரட்டூர்த் தெருவில், சாமந்திப் பூவின் மேல், அழுதுகொண்டே தாறுமாறாக ஆடினேன்.

கஸ்தூரி மேடம், நீங்கள் சொன்னது சரி. நான் குழம்பிப் போய்விட்டேன். இன்னும் தெளியவில்லை. போய் வாருங்கள்.

பரந்தாமன்
வணிகவியல் துறை